யாழினி என்னும் பெயரில் ஒரு வேவு

நாமக்கல் வக்கீல் குமாரசாமியின் அலுவலகத்தில் ஸ்ரீதேவி பத்தொன்பது ஆண்டுகளாகக் குமாஸ்தா. காயச் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்து செய்து, எந்தக் கட்சிக்காரருக்கு எந்த எலும்பு முறிந்தது என்பதைக் கோப்பைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட நிதானக்காரி, அன்று கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வக்கீலின் அறைக்குள் ஓடினாள்.

“ஆளு மாட்டிக்கிச்சுங்க சார்!”

திரையில் கந்தன், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின்மேல் நின்று, நீண்ட இரும்புக் குழாயை வலது கையால் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தான். புதுச்சத்திரம் கந்தவேலின் லாரி மோதியதில் அந்தக் கை தோளுக்கு மேல் எழவே எழாது என்று இழப்பீட்டு வழக்குப் போட்டிருப்பவன் அவன்தான். குமாரசாமியின் கட்சிக்காரரான கந்தவேலுக்கு இருந்ததோ ஒரே லாரி. விபத்தன்று அதன் காப்பீடு காலாவதியாகியிருந்தது. முழுப் பொறுப்பும் தலையில் விழுந்தால், லாரி ஏலத்துக்குப் போய்விடும்.

கந்தனின் முகநூல் பக்கம் நண்பர்களுக்கு மட்டுமே திறக்கும். “துப்பறியறவன் எதுக்கு? நாமளே பாத்துக்கலாம்” என்று குமாரசாமி சொன்னதுதான் தாமதம், ஸ்ரீதேவி அலுவலகக் கைபேசியில் யாழினி என்ற பெயரில் கணக்குத் தொடங்கி, மல்லிகைப்பூப் படம் ஒன்றை ஒட்டி, நட்பு அழைப்பு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் ஏற்பு வந்தது. மூன்றாம் நாள் இந்தக் காணொளி வந்தது.

செய்தி கேட்ட கந்தவேல் நேரிலேயே வந்துவிட்டார். “என்ற லாரியக் காப்பாத்திப் போட்டீங்க அம்மிணி!”

“இன்னும் மனுவே போடலீங்க. ஊரெல்லாம் சொல்லிப் போடாதீங்க.”

“யாருகிட்டயும் சொல்லலீங்க. எங்கூட்டுலயும் டீக்கடையிலயும் மட்டுந்தான்!”

விசாரணை நாளன்று குமாரசாமி, காணொளியைத் தாக்கல் செய்யும் மனுவோடு நீதிமன்றத்துக்குப் புறப்பட்டார். அலுவலகப் பிரதியில் நிமிடம், நொடி குறித்து வைக்க ஸ்ரீதேவி காணொளியை மறுபடி ஓடவிட்டாள். கந்தன் கையில்லாத பனியன் போட்டிருந்தான். குழாய் மேலே எழுந்தது. வலது கை முழுதாக வெயிலில் மின்னியது.

அவள் விரல் தானாக நின்றது. தோளிலிருந்து முழங்கை வரை பதினெட்டுத் தையல். கந்தன் தரப்புக் கொடுத்த காயச் சான்றிதழைக் கோப்புக்காக அவளே தட்டச்சு செய்திருந்தாள். திரையில் தெரிந்த கையிலோ ஒரு கீறல்கூட இல்லை.

படம் விபத்துக்கு முந்தியது! போன மாதம் பதிவேற்றியதை, போன மாதம் எடுத்ததாக அல்லவா எண்ணிவிட்டாள்!

வக்கீலின் கைபேசி அணைந்திருந்தது. ஸ்ரீதேவி செருப்பைச் சரியாக மாட்டக்கூட நில்லாமல் தெருவில் இறங்கி ஓடினாள். விபத்தன்று கந்தன் பைக்கில் எதிர்த்திசையில் வந்ததைக் கண்ணால் பார்த்தவர், புதுச்சத்திரத்து டீக்கடைக் கருப்பண்ணன். அவர் இன்றுதான் சாட்சி சொல்லப்போகிறார். பொய்யான படத்தை நீட்டிய கையோடு அவரைக் கூண்டில் ஏற்றினால், அவர் சொல்லும் உண்மையை யார் நம்புவார்கள்? லாரி போயே போய்விடும்!

அவள் படியேறியபோதே வழக்கு எண்ணை அழைத்துவிட்டார்கள். குமாரசாமி எழுந்து, மனுவை நீட்டக் கையைத் தூக்கினார். குமாஸ்தா வாய் திறக்கக் கூடாத இடம் அது. ஸ்ரீதேவி பின்னாலிருந்து அவருடைய கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தாள்.

“சார், கையில தையல் இல்லீங்க! பழைய படம்!”

குமாரசாமியின் கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பின்பு மெல்ல இறங்கி, மனுவைக் கட்டுக்குள் செருகியது. “ஐயா, எங்கள் தரப்பில் சாட்சி கருப்பண்ணன் மட்டும்” என்றார்.

கருப்பண்ணன் கூண்டேறினார். கந்தனின் வண்டி எதிர்த்திசையில் திரும்பியதையும், லாரி வேகமாக வந்ததையும், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். குறுக்கு விசாரணை அவரை அசைக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் கந்தன் வழிமறித்தான். “ஏனுங்க, யாழினி அம்மிணி வரலீங்களா?”

ஸ்ரீதேவிக்குக் காது வரை சூடேறியது. “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“உங்க வக்கீல் நோட்டீசுல இருந்த நம்பர எதிர்க்கட்சி வக்கீல்னு போன்ல போட்டு வெச்சிருந்தேனுங்க. அதே நம்பர்ல யாழினின்னு ஒரு புள்ள இருக்குதுன்னு போனே காட்டிக் குடுத்துருச்சு. வேவு பாக்க வந்தீங்கன்னு ஆத்திரம். பழைய படத்தத் தூக்கிப் போட்டேன். நீங்க மனுவக் குடுத்திருந்தா, எங்க வக்கீல் மொதல்ல உங்களத்தான் கூண்டுல ஏத்தியிருப்பாரு.”

“தப்புத்தானுங்க” என்றாள் ஸ்ரீதேவி. “கை இப்ப எப்படி இருக்குதுங்க?”

அவன் தூக்கிக் காட்டினான். தோளளவில் கை நின்றுவிட்டது, நெற்றி வியர்த்தது. “இவ்வளவுதானுங்க.”

பின்னால் வந்த குமாரசாமி தொண்டையைச் செருமினார். “அவங்களத் திட்டாத கந்தா. செய்யச் சொன்னவன் நான்.”

இரண்டு மாதங்களில் தீர்ப்பு வந்தது. கருப்பண்ணனின் சாட்சியத்தை நம்பிய தீர்ப்பாயம், விபத்துக்கு இருவருமே சமபொறுப்பு, இழப்பீட்டில் பாதியைக் கந்தவேல் கட்டினால் போதும் என்றது. கந்தனுக்குச் சேர வேண்டியது சேரும்; கந்தவேலும் லாரியை ஓட்டியே அதைக் கட்டிவிடலாம். ஸ்ரீதேவி தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்புவதற்குள் அழைப்பு வந்தது.

“அம்மிணி! ஓமலூர் லோடு ஏத்தியாச்சுங்க! சத்தங் கேக்குதுங்களா?” கந்தவேல் ஹாரனை விடாமல் அழுத்தினார். “கேக்குதுங்க, கேக்குதுங்க! ரோட்டப் பாத்து ஓட்டுங்க!” என்று, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி ஸ்ரீதேவி கத்தினாள்.