கோரைத்திட்டைப் பற்றி நாலு வரி

காலை ஆறு பத்து, அன்றைக்கு மூன்றாவது போன், பேசியவர் பெயர் செல்வி.

மழைக்காலத்தில் நிருபர் வேலை என்பது பாதிக்குமேல் போனுக்குப் பதில் சொல்லும் வேலை. ஏரி உடையுமா, பள்ளிக்கூடம் உண்டா, புயல் கடலூரில் ஏறுமா நாகப்பட்டினம் போகுமா என்று எல்லாவற்றையும் நம்மிடம்தான் கேட்பார்கள். தெரியாது என்று சொன்னால் மறைக்கிறோம் என்று நினைப்பார்கள். நீங்கள் வேறு வேலையில் இருந்தாலும் இந்தத் துன்பம் உங்களுக்கும் இருக்கும். என்றைக்கோ அவசரத்தில் சொன்ன ஒன்று நம் பெயரில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும். என்னுடையது நாலு வரி.

மூன்றாவது போன்

செல்வி பேசியது கோரைத்திட்டிலிருந்து. (பெயரை மாற்றியிருக்கிறேன்; சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்குப் புரியும்.) கொள்ளிடம் கடலில் விழும் இடத்தில் இருக்கும் திட்டு. மூன்று தெரு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மாதா கோயில், ஒரு ரேஷன் கடை. தண்ணீர் சூழ்ந்த அந்த ஊரைச் சுற்றுப்பட்டுத் திட்டுக்காரர்கள் எல்லாம் "டவுன்" என்றுதான் சொல்வார்கள். ரேஷன் கடைச் சுவரில் என் நம்பரை ஒருமுறை நானே ஒட்டிவிட்டு வந்தேன்.

"சார், ஆத்துல ராவோட தண்ணி தொறந்துட்டாங்களாம். எட்டு மணிக்குக் கடைசிப் படகு. எங்க வூட்டுக்காரரு வர மாட்டேங்கறாரு. இடுப்பு ஒடிஞ்சு ஆறு மாசமா கட்டில்ல கெடக்கறவரு. மேட்டுல தண்ணி ஏறாதுன்னு பேப்பர்லயே போட்டிருக்கு, நான் ஏன் வரணும்ங்கறாரு. அவரு கெளம்பலன்னு பாத்துட்டு மேட்டு வூட்டுக்காரங்க ஒருத்தரும் கெளம்பல. அத எழுதுனது நீங்கதானாமே. நெசமா சார், ஏறாதா?"

ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்றேன்.

"அஞ்சு நிமிசந்தான் சார். படகு யாருக்காவும் நிக்காது."

பாரா பிறந்தது

அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு ஞாபகம் வந்தவைதான் இனி வருபவை.

அந்த நாலு வரியை எழுதியபோது நான் சிதம்பரத்தில் பகுதிநேர நிருபர். செய்தியைக் கையால் எழுதி, போட்டோவோடு கவரில் போட்டு, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பும் காலம். திட்டில் படகுத்துறை திறப்பு விழா. விழா முடிந்து திரும்பும்போது படகில் என் பக்கத்தில் தோளில் துண்டோடு ஒரு இளைஞர் உட்கார்ந்தார். நான் கேட்காமலே ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் முழங்காலில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டேன். ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேறு யாரையும் கேட்க நேரமில்லை. மறுநாள் வந்த செய்தியின் கடைசிப் பாரா இது:

"கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் உள்ள தீவு கோரைத்திட்டு. டச்சுக்காரர்கள் கிடங்கு கட்டி வாணிபம் செய்த பழமையான ஊர். மூன்று பக்கம் ஆறும், கிழக்கே அடர்ந்த சவுக்குத் தோப்பும், அதைத் தாண்டிக் கடலும் உள்ளன. எவ்வளவு மழை பெய்தாலும் ஊரின் நடுவே உள்ள மேட்டில் தண்ணீர் ஏறியதில்லை."

வரலாறு, பூகோளம், தட்பவெப்பம் எல்லாம் நாலு வரியில் அடங்கிவிட்டன. அன்று மாலை தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியரே கூப்பிட்டார். அவர் யாரையும் பாராட்டிக் கேட்டதில்லை.

"நல்லா இருக்குய்யா. அந்தப் பாராவ பத்திரமா வச்சுக்க. மழை வந்தா, புயல் வந்தா, எது வந்தாலும் கீழ ஒட்டிக்கலாம்."

டச்சுக்காரரின் மகள்

ஒட்டினோம். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் ஒட்டினோம். படகு கவிழ்ந்தால் ஒட்டினோம். பத்தாம் வகுப்பில் அந்தத் திட்டிலிருந்து ஒரு பெண் நல்ல மார்க் எடுத்தாள், அதற்கும் ஒட்டினோம். கம்ப்யூட்டர் வந்த பிறகு "திட்டு" என்று ஒரு ஃபைலாகவே சேமித்தாயிற்று.

சில வருஷம் கழித்து, பாராவைப் படித்துவிட்டுப் புதுச்சேரியிலிருந்து ஒரு குழு டச்சுக் கிடங்கைப் பார்க்க வந்தது. வழிகாட்டியாக என்னையே கூப்பிட்டார்கள். கடற்கரையோரம் கூரையில்லாத செங்கல் சுவர் ஒன்று நின்றது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இன்னொருவர் செங்கல்லைத் தடவி, இது ஐரோப்பிய அளவு என்றார். நிழலில் உட்கார்ந்து கருவாடு தரம் பிரித்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு என்ன தேடுகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"டச்சுக்காரனா? ஐஸ் வைக்கறதுக்குன்னு கெவுருமெண்டுல கட்டச் சொன்னாங்க, எங்கப்பாதான் சார் கொத்தனாரு. அவரு எந்த ஊரு டச்சுக்காரரு?"

தோப்பு

அதற்குப் பிறகு "கிடங்கு கட்டியதாகக் கூறப்படும்" என்று மாற்றினேன். எங்கள் தொழிலில் இதைத் திருத்தம் என்று சொல்வோம். மூன்றாவது வரியை நான் தொடவில்லை.

அடுத்து அதில் மாட்டியவர் எங்கள் போட்டோகிராபர் பாஸ்கர். சுனாமிக்குப் பிறகு வந்தவர், திட்டுக்குப் போனதில்லை. அடர்ந்த சவுக்குத் தோப்பில் சூரிய உதயம் வேண்டும் என்று பொங்கல் மலருக்குக் கேட்டிருந்தார்கள். விடிவதற்கு முன்பே படகில் போனவர், வெளிச்சம் வந்ததும் எனக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை, பயந்துபோன குரல்.

"மச்சான், தோப்பு எங்கயும் போவல. கடலுக்கு நடுவுல அடிமரமா நாலு தெரியுது. முங்கி எடுக்கட்டா?"

ஆதாரம்

தோப்பு போய்விட்டதால் அலை நேராக ஊருக்குள் வருகிறது, வெள்ளத்தின்போது ஏறி நிற்க ஒரு மாடிக் கட்டடம் வேண்டும் என்று திட்டுக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மனு தள்ளுபடியானது. ஏன் என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. மின்விசிறி சத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதிகாரி நல்ல மனிதர். கோப்பையே என் பக்கம் திருப்பி வைத்தார். "ஊரின் நடுவே இயற்கையான மேடு உள்ளதால் கட்டடம் அவசியமில்லை" என்று குறிப்பு எழுதியிருந்தது. அதன் கீழே ஆதாரமாக ஒரு பத்திரிகைத் துணுக்கு ஒட்டியிருந்தது. பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தது. என் நாலு வரி.

"மேட்டில் தண்ணீர் ஏறாது என்பதற்கு வேறு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதுனதுக்கு நீங்களே ஆதாரம் கேட்டா எப்படி சார்?"

வெளியே வந்து கீழ வீதியில் டீ வாங்கினேன். டீ ஆறும்வரை யோசித்தேன். பிறகு "மேடு இருப்பதால் கட்டடம் தேவையில்லை என அதிகாரிகள் தெரிவித்தனர்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அவர்கள் தெரிவித்தார்கள்தான். அரை மணி நேரத்தில் அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் ஒருவர் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"இப்ப அதிகாரியே சொல்லிட்டாரா? அப்ப இனிமே 'ஏறியதில்லை' எதுக்கு சார், 'ஏறாது'ன்னே அடிச்சு வச்சிடறேன்."

காடாம்புலியூர்

செல்வியின் போனுக்கு இரண்டு வருஷம் முன், பலாப்பழ விளைச்சல் பற்றி எழுதக் காடாம்புலியூர் பக்கம் போயிருந்தேன். சாலையோரத்தில் பழம் குவித்து வைத்திருந்த ஒருவர், கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "என்னா சார், என்னைத் தெரியல? படகுல ஒங்களுக்குக் கத சொல்லிக்கினு வந்தனே, கலியமூர்த்தி" என்றார். துண்டு போட்ட அந்த இளைஞர்தான். தலை நரைத்திருந்தது. சுளை எடுத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். திட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்றேன். மச்சானோடு சண்டை, பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்துவிட்டேன் என்றார்.

சொந்த ஊரா? நான் அவரைத் திட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கடலுக்கு எட்டாத முந்திரிக்காட்டுக்காரர். அப்படியானால் மேட்டில் தண்ணீர் ஏறியதே இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள் என்றேன். அவருக்கு அதைச் சொன்னதே ஞாபகமில்லை. சிரித்தார்.

"எனக்கு என்னா சார் தெரியும்? மாப்ளையா போயி அப்ப மூணு வருசந்தான் ஆயிருந்துது. அந்த மூணு வருசமும் மழையே இல்ல."

ஸ்பீக்கர்

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த வரியை நான் எடுக்கவில்லை. பத்திரிகையில் மறுப்பு போட வேண்டுமென்றால் யாராவது மறுக்க வேண்டும். யாரும் மறுக்கவில்லை. நடுவில் வந்த வெள்ளமெல்லாம் மேட்டின் அடிவரை வந்து நின்றுவிட்டது. அது என் அதிர்ஷ்டம். அதை நான் என் எழுத்தின் பலம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு பதினைந்துக்குச் செல்வியைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டுக் கணவரிடம் வைக்கச் சொன்னேன். அவர் பெயர் தேசிங்கு. படகு செலுத்தியவர். கட்டிலில் விழுந்த பிறகு எங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரி வரை படிப்பவர். அந்தக் காலத்தில் மேட்டுக்கே தண்ணீர் வந்தது என்று சொன்ன பெரியவர்களை, என் பாராவைக் காட்டியே வாயடைத்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"தேசிங்கு, அதை நான் பார்த்து எழுதல. கிளம்பிடுங்க."

"பாக்காமயே எழுதுவீங்களா? பொண்டாட்டி சொல்லிக் குடுத்துப் பேசறீங்களா சார்?"

"ஒருத்தர் படகில் சொன்னார். எழுதிட்டேன்."

"எங்க ஊர்க்காரந்தானே சொன்னான்? அப்ப சரியாத்தான் இருக்கும்."

"ஊர்க்காரர் இல்ல. காடாம்புலியூர் கலியமூர்த்தி."

போனில் கட்டில் கிறீச்சிட்டது.

"கலியமூர்த்தியா? என் தங்கச்சி புருசன் சார் அவன்! படகுல ஏறுனா கண்ண மூடிக்குவான். செல்வி, அந்தோணியம்மா வூட்டுப் பசங்களக் கூப்புடு, கட்டிலத் தூக்கச் சொல்லு. ஏன் சார், இவன் பேச்சையா இத்தினி வருசமா பேப்பருல படிச்சிக்கினு கெடந்தேன்?"

மேடு

அன்று அமாவாசை, கடல் மட்டம் ஏறும் நாள். கடல் ஆற்றுத் தண்ணீரை வாங்கவில்லை. மதியத்துக்குள் கொள்ளிடம் திரும்பித் திட்டின் மேல் ஏறியது.

நாலாம் நாள் பாஸ்கரும் நானும் படகில் போனோம். மேட்டில் பாதிச் சுவர்கள் நின்றன. நின்ற சுவர்களில் எல்லாம் ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு. தேசிங்கு வீட்டில் கட்டில் கிடந்த இடத்துக்கு நேர் மேலே, ஆணியில் என் பாரா லேமினேட் செய்து தொங்கியது. கோடு அதற்கும் ஒரு சாண் மேலே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாஸ்கர் கேமராவைத் தூக்கவே இல்லை.

மேட்டுக்காரர்கள் எல்லாரும் கடைசிப் படகில் ஏறியிருந்தார்கள். அந்தோணியம்மாளின் ஆடுகள் மட்டும் தப்பவில்லை. முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்தில் செல்வி என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார். அது மன்னிப்பா கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அதில் தேசிங்கு படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் சட்டைப் பையைக் காட்டினார்.

"பேனாவ எடுங்க சார். இந்தத் தடவ நான் சொல்றேன். நான் அந்த ஊர்லயே பொறந்தவன்."

அவர் சொன்னார், எழுதினேன், அன்றே அனுப்பினேன், வந்தது. என் கம்ப்யூட்டரில் "திட்டு" ஃபைலையும் அழித்தேன். தலைமை அலுவலகத்திலிருக்கும் நகலை அழிக்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டு நாலு பேருக்குப் போன் செய்தேன். நாலு பேரும் மற்ற மூன்று பேரின் பெயரைச் சொன்னார்கள்.

இத்தனை வருஷம் எழுதிக் குவித்ததில் ஆயுசு கெட்டியாக அமைந்தது, மழையே பார்க்காத ஒரு மாப்பிள்ளை படகில் பொழுதுபோகாமல் சொன்ன ஒரு வரிக்கு மட்டும்தான்.

அடுத்த வருஷம் ஐப்பசி முதல் தேதி, பருவமழை முன்னெச்சரிக்கைச் செய்தியின் கீழே, ஐந்தாம் பக்கத்தில், அந்த நாலு வரியும் மறுபடி வெளியாயின.