வட்ட மேசைக்கு விட்ட இடம்

“இதைத் தலைகீழா கவுத்துங்க சேட்,” என்றார் சுலபா ஆத்யா.

பர்னிச்சர் கடைக்காரர் சிரித்தார். “டீ வைக்கிற மேசைம்மா இது. மேல ஏறி யாரும் ஆடப் போறதில்ல.”

“ஆட வேணாம், நிக்கணுமில்ல? காலைப் பத்தவெச்ச எடத்தப் பாருங்க. பெயிண்டுதான் இழுத்துப் பிடிச்சிட்டிருக்கு.”

மிருண்மயிக்கு அப்பாவின் தங்கை அவர்; மராத்தியில் அத்தை என்றால் ஆத்யா. டோம்பிவ்லியில் அலுமினியப் பாத்திரத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் பாத்திரங்களைச் சோதித்து அனுப்பியவர். விரல் முட்டியால் தட்டியே தகட்டின் கனத்தைச் சொல்லிவிடுவார். அதற்காகத்தான், மகன் கௌஸ்துபுக்குப் பெண் பார்க்கும் சமயத்தில் ஹாலுக்கு மேசை வாங்க வந்த அம்மா அவரையும் கூட்டி வந்திருந்தாள்.

கடைசியில் ஒரு சின்ன மேசை ஆத்யாவுக்குப் பிடித்தது. குறுக்கே சாண் வைத்து அளந்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

“மூணு சாண். போதும் வஹினி. கௌஸ்துப் கல்யாணத்துக்கப்புறம் பெட்ரூம் அவனுக்கு. நீங்களும் அண்ணனும் ஹால்ல சோபாவ விரிச்சுப் படுத்துப்பீங்க. இதை ஜன்னலோரம் தள்ளிட்டா நடுவுல என் மெத்தைக்குச் சரியா இருக்கும். வட்டமா இருந்தா விடியக்காலம் எழுந்து போறவங்க முழங்காலும் தப்பிக்கும்.”

“பெரிசே எடுக்கலாம் சுலபா,” என்றாள் அம்மா.

“பெரிசு எடுத்தா நான் எங்க படுக்கறது? அது மேலயா?”

சேட் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வராங்க. வீட்ல எத்தனை பேரு, யார் எங்க படுக்கறாங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. இதச் சொல்லியே மூணு இடம் தட்டிப்போச்சு. ஊர்ல, மால்வண்ல உங்க சித்தப்பா வீடு பூட்டித்தானே கிடக்கு? நானும் உங்க அண்ணனும் பேசிட்டோம்.”

ஆத்யாவின் விரல்கள் மேசைமேல் விரிந்தபடியே இருந்தன. “கிச்சன்ல?” என்று கேட்டார்.

“அங்க ஒருத்திதான் படுக்க முடியும். மிருண்மயி இருக்காளே.”

இருவரும் மிருண்மயியைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீசுக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப பெரிசே எடுங்க,” என்றார் ஆத்யா. “ஆனா பக்கத்துல இருக்கறது வேணாம். அந்த மூலையில இருக்கறது. தகடு நல்ல கனம்.”

கணவர் இரத்னகிரியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போனபோது ஆத்யாவுக்கு இருபத்துநாலு வயது. ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஹாலில் படுப்பவர், மற்ற எல்லோரும் படுத்த பிறகு படுக்க வேண்டும், எல்லோருக்கும் முன்னால் எழ வேண்டும். பால்காரர் மணி அடிப்பதற்குள் மெத்தை சோபாவுக்குப் பின்னால் போயிருக்கும். காய்ச்சல் வந்த நாட்களிலும் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பார். அந்த ஹாலின் டைல்ஸ் அவர் சம்பளத்தில் போட்டது. பல வருடம் வந்துபோன விருந்தாளிகளுக்குக்கூட அங்கே ஒருத்தி படுக்கிறாள் என்று தெரியாது. “பாத்தியா, மெத்தையோட ஒரு மடிப்பு தெரியுதா?” என்று மிருண்மயியிடம் பெருமையாகக் கேட்பார்.

சனிக்கிழமை மால்வண் பஸ் ஏறினார். மிருண்மயிதான் பெட்டியைத் தூக்கிப் போய் ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா அவல் போஹா தட்டைப் புது மேசையில் வைத்தார். மேசை அசையவில்லை. “ஹால் நல்லா விசாலமா இருக்கே!” என்றார். பெண்ணின் அம்மா விடவில்லை. “உங்க நாத்தனார் ஒருத்தங்க கூட இருக்காங்கன்னு சொன்னாங்களே?”

“இருந்தா. ரிட்டயரானதுலருந்து ஊருக்குப் போறேன், போறேன்னு ஒரே பிடிவாதம். அவளே ஆசைப்பட்டுப் போயிட்டா,” என்ற அம்மா மிருண்மயி பக்கம் திரும்பினாள். “இல்லடி?”

மிருண்மயி தலையாட்டினாள். “ஆமா, ஆத்யாவுக்கு ஊருன்னா உயிரு.”

முந்தின நாள் பஸ் நகரும்போது ஆத்யா ஜன்னல் கம்பி வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அத்தனை வருடத்தில் அவளிடம் அவர் எதுவும் கேட்டதில்லை. அன்று மட்டும் கேட்டார்:

“வேற என்ன வேணா சொல்லிக்கோங்க. நானா ஆசைப்பட்டுப் போனேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத, கண்ணு.”