டெட்டனஸ் ஊசியும் தாராவி உடம்பும்

ஜெபசெல்வி நாசரேத்திலிருந்து மும்பை தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதலாளி தனசீலனின் கோடவுனில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பது அவள் வேலை. அங்கே கையில் எது குத்தினாலும் ஒரே வைத்தியம்: டெட்டனஸ் ஊசி. போட்டுக்கொண்டு மறுபடி மூட்டைக்கு முன்னால் உட்கார வேண்டியதுதான்.

அன்று சலைன் பாட்டில் மூட்டையைப் பிரித்தபோது, ரத்தம் தோய்ந்த ஊசியொன்று அவள் உள்ளங்கையில் இறங்கியது. ஆஸ்பத்திரிக் கழிவு அங்கே வரவே கூடாது. அனுப்பியவனுக்கும் தெரியும், வாங்கியவனுக்கும் தெரியும்.

"டி.டி. போட்டுட்டு வாம்மா," என்றார் தனசீலன். "சாக்கடைக்குள்ள கெடந்து பழகுன ஒடம்பு. எந்தக் கிருமி ஒன்ன என்ன செய்யும்? தாராவி ஒடம்புல்லா!"

கூட வேலை செய்யும் நஸீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மொதலாளி தும்முனா மாட்டுங்காவுல பெரிய டாக்டரு. நமக்கு மட்டும் தாராவி ஒடம்பாம்! எந்திரிட்டீ, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் வாலாம்பாள் கேட்டார்: "ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியாம்மா?"

"டி.டி. நாலஞ்சு வாட்டி போட்டிருக்கேன், டாக்டரம்மா."

"அது இதைத் தடுக்காதும்மா."

எப்படித் தடுக்கும்? டெட்டனஸ் ஊசியால் உடம்பில் உருவாகும் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தின் நுனி, டெட்டனஸ் நஞ்சின் வடிவத்தைத்தான் கவ்வும். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை வேறு வடிவம், அதில் ஒட்டாது. எண்ணெய்க் கேனின் மூடி தண்ணீர் பாட்டிலில் ஏறுமா? இந்த வைரஸைப் பிடிக்கக்கூடிய அணுக்கள் உடம்பில் சில இருக்கும். அவை வைரஸை அடையாளம் கண்டு, பெருகி, ஆன்டிபாடியைச் சுரந்து குவிக்க வாரக்கணக்காகும். அதுவரை வைரஸ் காத்திருக்குமா? சாக்கடையில் நின்றவருக்கெல்லாம் சகல நோய்க்கும் காப்பு உண்டு என்பது அறிவியல் அல்ல. கையுறை வாங்கித் தராதவனின் சாக்கு.

ஆயத்த ஆன்டிபாடியை ஓர் ஊசியிலும் தடுப்பூசியை மற்றொன்றிலும் அன்றே போட்டார்கள். எச்.ஐ.வி.க்கு மாத்திரையும் தொடங்கினார்கள். பிறகு மாதக்கணக்கில் அவள் பிள்ளைகளைக்கூடப் பயந்து பயந்து தொட்டாள். கடைசிப் பரிசோதனையில் நோய் எதுவும் இல்லை என்று வந்தது.

"நான் அன்னைக்கே சொன்னம்லா? தாராவி ஒடம்பு!" தனசீலன் சிரித்தார்.

ஜெபசெல்வி புதிதாக வந்திறங்கிய சலைன் மூட்டையை அவர் காலடிக்கு இழுத்துப் போட்டாள்.

"நீங்களும் தாராவிதான அண்ணாச்சி. பிரியுங்க."

தனசீலன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அன்று அந்த மூட்டையை யாரும் தொடவில்லை.