இல்லை என்று எழுதிக் கொடுத்த ஐந்து வருடம்

ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது அலுவலகத்தில் என் சர்வீஸ் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். கோயமுத்தூரைச் சுற்றியுள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் நர்சாக இருபத்தெட்டு வருடம் ஓடியிருந்தது. முழு ஓய்வூதியத்துக்கு முப்பது வேண்டும். செக்‌ஷன் கிளார்க் நல்ல பெண். முன்னால் வேறு எங்காவது அரசு வேலை பார்த்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் புத்தகத்தில் ‘முன்பணி: இல்லை’ என்றுதான் இருக்கிறது என்றாள். அதன் கீழே என் கையெழுத்தும் இருந்தது.

நான் ராணுவத்தில் ஐந்து வருடம் நர்சாக இருந்தவள். லெப்டினென்ட்டாகச் சேர்ந்து கேப்டனாக வெளியே வந்தேன். பனியில் விரல் கருகி வந்த பையன்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். எனக்கு சல்யூட் அடித்தவர்கள் உண்டு. அந்த ஐந்து வருடத்தைத்தான் நான் ஒரே சொல்லில் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

காரணம் கல்யாணம். எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைவிட விசாரிப்பு பெரிது. பட்டாளத்துக்குப் போன பெண், ஆண்கள் வார்டில் வேலை பார்த்தவள் என்றால் நல்ல குடும்பத்தில் எடுக்கமாட்டார்கள் என்று என் அப்பா பயந்தார். அப்போது ராணுவத்திலும் நர்சு கல்யாணம் செய்தால் வேலை நிலைக்காது. அதனால் ஒப்பந்தம் முடிந்ததும் நீட்டிக்காமல் வரும்படி வீட்டில் சொன்னார்கள். வடக்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று தரகரிடம் சொல்லி வைத்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்களே, என் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். அது ஆயிரத்துக்குச் சமமாக இருந்தது.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். இரண்டாம் வருடம் அரசு வேலைக்கு உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மச்சாண்டார், ஒரு மாவட்ட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். படிவத்தை அவரே நிரப்பித் தருவதாகச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். மாமியார், கொழுந்தன், பக்கத்துத் தோட்டத்து உறவுக்காரர்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். நான் மோர் டம்ளர்களோடு நின்றிருந்தேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, இதுக்கு முன்னால கவருமெண்டு வேலை ஏதாச்சும் பாத்திருக்கறீங்களா?”

“இல்லீங்க.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சொல்லின் விலை எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ராணுவத்தில் வாங்கிய பணிக்கொடையைத் திருப்பிக் கட்டி, அந்த வருடங்களைச் சேர்த்துக்கொள்ள வேலையில் சேர்ந்த புதிதிலேயே எழுதித் தரவேண்டும். என்னைப் போலவே ராணுவத்திலிருந்து வந்த ஒரு பெண் எனக்குப் பின்னால் சேர்ந்தாள், எழுதிக் கொடுத்தாள். பதவி உயர்வு வரிசையில் அவள் எனக்குக் கீழேதான், ஏனென்றால் அந்த வரிசை சேர்ந்த தேதிப்படி. ஆனால் சம்பளத்தில் எனக்கு மேலே இருந்தாள். நான் அவளை முறைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் செய்த ஒரே தப்பு உண்மை சொன்னது.

கிளார்க் கூப்பிட்ட அன்று, காந்திபுரத்தில் இறங்கி நின்றபோது எந்த பஸ் ஏறவேண்டும் என்றே எனக்கு மறந்துபோனது. மறுவாரம் ராணுவத்தில் இருந்த ஐந்து வருடத்தைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதினேன். அலுவலகக் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். இதைக் கொடுத்தால் முதல் கேள்வி, அன்றைக்கு ஏன் இல்லை என்று எழுதினீர்கள் என்பதுதான் என்றார். விஷயத்தை மறைத்து வேலையில் சேர்ந்ததாக யாராவது பிடித்துக்கொண்டால், உள்ளதும் நின்றுபோகும். ஓய்வு பெறும் நாளில் மாலையும் கையுமாக நின்ற ஒருவருக்கு சஸ்பென்ஷன் உத்தரவு வந்த கதையையும் சொன்னார். பயமுறுத்தவில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

ஆனாலும் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

இருபது நாளில் மெமோ வந்தது. முன்பணியை மறைத்தது ஏன்? படிவத்தில் உள்ள எழுத்து கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை, நிரப்பியவர் யார்? பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும். அன்று சாயங்காலம் அதை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். முப்பது வருடம் சொல்லாததை, அந்தக் காகிதம் அவர் கையில் இருக்கும்போதே சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தெரியும் கண்ணு. பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தியே அண்ணன் வெசாரிச்சுப்போட்டாரு.”

அப்புறம் படிவம் நிரப்பும்போது ஏன் என்னிடம் கேட்டார் என்றேன்.

“நீ உண்டுன்னு சொல்லியிருந்தா எழுதியிருப்பாரு. அத்தன பேரு முன்னால இல்லைன்னுட்ட. உன்ர மானம் போயிரக்கூடாதுன்னு அப்படியே எழுதிப்போட்டாரு.”

பதில் தெரிந்தேதான் பேனாவைப் பிடித்திருக்கிறார். மரியாதை. எங்கள் ஊரில் அதற்குக் குறைச்சலே இல்லை. என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தம்பி மனைவியிடம் தனியே பேசுவதும் மரியாதை இல்லை. அவர்மேல் வந்த அதே ஆத்திரம் என்மேலும் வந்தது, எது அதிகம் என்று இன்றும் தெரியவில்லை.

மச்சாண்டாருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. அவரும் அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர். தெரிந்தே பொய்யை எழுதினார் என்று வந்தால் அவரையும் கூப்பிடுவார்கள். அதனால் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்து வருடங்கள் ஆகியிருந்தன. அண்ணன் பேரை மட்டும் எழுதிவிடாதே, நானே நிரப்பினேன் என்று எழுதிவிடு, எழுத்து அப்புறம் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

“அப்ப நான் மறுக்காவும் பொய் சொல்லோணுங்களா?” என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பதினான்காம் நாள் விளக்கம் எழுதினேன். மறைத்தது நான் என்று எழுதினேன். நிரப்பியவர் பேரையும், அவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்பதையும் எழுதினேன். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் போனை அணைத்து வைத்திருந்தேன்.

கோயமுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் மச்சாண்டாரின் செருப்பும் கைத்தடியும் இருந்தன. பொள்ளாச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி, துணைக்கு ஆள் இல்லாமல் வந்திருந்தார். மெமோ வந்ததை என் வீட்டுக்காரர் அவருக்குச் சொல்லியிருக்கிறார். நான் கதவருகே வந்ததும் அவர் எழுந்து நின்றார்.

“எம்பேர எழுதிப்போடுங்க அம்மணி,” என்றார். “அதச் சொல்லத்தான் வந்தேனுங்க.”

நகல் என் கைப்பையில் இருந்தது. எழுதிவிட்டேன் என்று சொல்லாமல், அவருக்கு மோர் கொண்டுவர உள்ளே போனேன்.