ஸ்மரான்டா அழுத்திய பொத்தான்

பிளாஸ்டிக் ஸ்கேலைக் கணினித் திரைமேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள் ஸ்மரான்டா. "பொத்தான் நாலு மில்லிமீட்டர் எறங்கிருச்சு," என்றாள். யாரும் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

க்ளூஜ் நகரத்து மென்பொருள் கம்பெனியில் பதினோரு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை: மற்றவர்கள் வடிவமைத்த திரைகளில் குற்றம் கண்டுபிடிப்பது. வெளியிலும் சும்மா இருக்கமாட்டாள். லிஃப்ட், துணி துவைக்கும் மிஷின், வங்கிச் செயலி என்று எல்லாவற்றுக்கும் மார்க் போடுவாள், ஒன்றும் பாஸாகாது. பிறந்தநாளுக்கு அவள் ஆபீசுக்குக் கொண்டுவரும் கேக் துண்டுகள் மட்டும் கோணல்மாணலாக இருக்கும். கேட்டால், "இத தின்னுட்டா முடிஞ்சுது. திரைய ஜனங்க தெனமும் பாக்கணும்ல!" என்பாள்.

இப்போது கையில் இருந்தது, ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு. முதல் திரையில் 'சேமி' பொத்தான் வலப்பக்கம், பச்சை நிறத்தில். இரண்டாவதில் இடப்பக்கம், சாம்பல் நிறத்தில். மூன்றாவதில் எழுத்தே கிடையாது, வெறும் படங்கள்.

"ஹொராட்சியு, வலப்பக்கம் இருக்கே, இது என்னடா? வாளியா, பூந்தொட்டியா?"

"குப்பைத்தொட்டி மேடம். அழிக்கிறதுக்கு," என்றான் வடிவமைப்பாளன். "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க. ரெண்டு வாரத்துல எல்லாரும் பழகிடுவாங்க."

"அதுக்குள்ள எத்தனை பேரோட நாள் காணாமப் போகும்? போன தடவ இப்படி எடம் மாத்துனப்ப ஒரு பெரியவர், நெஞ்சு வலின்னு ரெண்டு பஸ் மாறி வந்தாரு. கவுன்டர் பொண்ணு சேமிக்கிறதா நெனச்சு அழிச்சுட்டா. மறுபடி நாள் கெடைக்க நாலு மாசம். அவ கண்ணு திரையில இல்லடா, அவர் மூஞ்சில இருந்துச்சு. கை அதுபாட்டுக்குப் பழக்கத்துல போகும்."

அவள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியே போகாது. மேலிடமோ மூன்று மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்று காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கி ஒரு நாள் கண்ண மூடிக்கங்க மேடம்."

"மூட மாட்டேன்."

சொன்ன கையோடு ஒப்புதல் பக்கத்தைத் திறந்து, அவனை முறைத்தபடியே, பதினோரு வருடமாக 'நிராகரி' இருக்கும் இடத்தில் ஓங்கித் தட்டினாள்.

ஹொராட்சியு நெளிந்தான். "மேடம்... அந்தப் பக்கத்தையும் காலைல மாத்திட்டோம்."

'ஏற்கப்பட்டது. அனுப்பப்படுகிறது: எட்டு சதவீதம்' என்றது திரை. நிறுத்துவதற்கு ஒரு பொத்தானைத் தேடினாள், இல்லை. நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, மேசைக்கடியில் தவழ்ந்து போய், சுவரிலிருந்து கணினியின் ஒயரைப் பிடுங்கினாள்.