அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டி

இறந்துபோன அப்பாவின் ஸ்பீக்கர் பெட்டியைப் பழுதுபார்க்கத் திறந்தபோது முன்துணியிலிருந்து ரப்பர்ப்புகை வாடை எழுந்தது. மலேசியாவின் திகாம் பத்து ஊர் அருகே, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில், ஞாயிறு மதியங்களில் அப்பா அதை உச்சத்தில் வைப்பார். பலகைச் சுவர் அதிரும், தகரக் கூரை கிணுகிணுக்கும், பக்கத்து வீட்டு அக்கா, "ஒங்க வீட்ல எப்பவும் தீவாளிதான் லா" என்பார். பாட்டுக்கு அடியில் அம்மா அடிவாங்கிக் கதறுவது, அதே அறையில் இருந்த எனக்கு மட்டுமே கேட்கும்.

இற்றுப்போன ரப்பர் விளிம்புகளை மாற்றி, உள்ளே இருந்த மூன்று ஸ்பீக்கர்களின் ஒலியையும் சமப்படுத்திப் பாட்டை ஓடவிட்டேன். பாஸ் துல்லியமாக அதிர்ந்தது. சமையலறையிலிருந்து வந்த அம்மா கதவோரம் தோள்களைக் குறுக்கி நின்றார்.

"கொறச்சிடும்மா. நான் கத்துனா யாருக்கும் கேக்காது."

பிளக்கைப் பிடுங்கினேன். அதன் பிறகும் அவர் அங்கேயே நின்றார்.