செரோடோனினை எடுக்காத ரத்தம்

எண்பதுகளின் நடுவில் கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் செரோடோனின் என்ற பொருளை உறிஞ்சித் தமக்குள் பதுக்கிக்கொள்ளும். எந்தெந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ரத்தம் தேடி வெளியே அலைவதில்லை. ஊழியர்களே முறை வைத்துக் கையை நீட்டுவோம், கூலி ஒரு கிளாஸ் மைலோ. ஊசி போடுமுன் ஒரே கேள்வி: "ஆஸ்பிரின் போட்டீங்களா?" வேறு மருந்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அந்த வருடம் பாயான் பாருவில் நடந்த மோட்டார் விபத்தில் என் கணவர் போய்விட்டார். அன்றைக்கே கிளினிக் டாக்டர் தூக்கத்துக்கு என்று ஒரு மாத்திரை கொடுத்தார். பெயர்கூடக் கேட்காமல் தினமும் விழுங்கினேன். அழவில்லை. அந்தியேட்டிச் சடங்கன்று வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "கல்லு மாதிரி நிக்கிறாளே!" என்று கணவரின் தங்கை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. கணவர்மேல் எனக்கு ஆசையே இருந்ததில்லையோ என்று பயம்தான் வந்தது. அந்தப் பயம்கூட மங்கலாகத்தான் இருந்தது.

ரத்தம் கொடுக்கும் முறை எனக்கும் வந்தது. ரத்தத்தைச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரித்துக் குழாய்களில் ஊற்றினேன். பாதிக் குழாய்களில் மட்டும் இமிப்ரமின் சேர்த்தேன். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து. அது சேர்ந்த குழாயில் தட்டணுக்கள் செரோடோனினை எடுக்காது, சேராத குழாயில் எடுக்கும். என் ரத்தத்தில் இரண்டு பக்கமும் எடுக்கவில்லை.

கூட வேலை செய்த ஆய்வு மாணவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

கைப்பையிலிருந்த மாத்திரையைக் காட்டினேன்.

"டியூப்ல ஊத்துன அதே மருந்துதான்லா!"

"அப்ப இதாலதான் எனக்கு அழுகை வரலையா, தம்பி?"

"இருக்கலாம், அக்கா. டியூப்ல அது தெரியாது."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதுமாக இருந்தது. டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினேன். நிறுத்தியதும் அழுவேன், அழுதுவிட்டால் என் ஆசை பொய்யில்லை என்று எனக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன். அந்த வருடத்தில் வேறு எதையும் நான் நம்பவில்லை.

சில மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தேன். மருந்து சேராத குழாய்களில் தட்டணுக்கள் செரோடோனினை அள்ளி எடுத்திருந்தன.

"பார்த்தீங்களா அக்கா, நார்மல் ஆயிட்டீங்க!" என்றார் மாணவர். பாவம், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

நானும் சிரித்து வைத்தேன். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வந்திருக்கவில்லை. இனிச் சாக்குச் சொல்ல மாத்திரையும் இல்லை.